அடி முந்தி, கை பிந்தி

ராசிபுரம் பக்கத்து ஊர்களில் மாரியம்மன் நோம்பி என்றால் கம்பம் நட்டு, பூவோடு எடுத்து, மாவிளக்கு போய், ஒரு ராத்திரி கூத்தும் வேண்டும். பத்து மணிக்கு மேல் மிருதங்கமும் ஆர்மோனியமும் முகவீணையும் சேர்ந்து கிளம்பினால் விடியும்போதுதான் மங்களம். முன்பு பாய் போட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். இப்போது பாய்க்குப் பின்னால் ஒரு வரிசை போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போர் போட இந்தியா முழுக்கப் போகின்றன, நாமக்கல் லாரிகளும் அப்படித்தான். வண்டியோடு போனவனால் நோம்பிக்கு வர முடியாது. அவன் பார்க்கட்டும் என்று வீட்டில் எடுக்கிறார்கள்.

எடுத்ததை அப்படியே அனுப்பிவிட்டால் யாருக்கும் தொல்லையில்லை. நாலைந்து பேர் எடுத்ததை ஒன்றாக்கி, அழுகிற குழந்தையையும் தரையைப் படமெடுத்த பகுதியையும் வெட்டி, ஒரே படமாகக் கொடுக்கச் சொல்லி என்னிடம் வரும்போதுதான் எல்லாம் தொடங்கும். என்னிடம் வருவதற்குக் காரணம் உண்டு. 2000ஆம் ஆண்டையொட்டிச் சேலத்தில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் நான் எடிட்டிங் உதவியாளன். அதை விட்டு வேறு வேலைக்குப் போய் வெகு காலமாகியும் ஊரில் 'வீடியோக்காரர்' என்ற பெயர் மட்டும் போகவில்லை.

அந்த ஸ்டுடியோவில் மினி டிவி (MiniDV) கேசட். ஒரு மணி நேரக் கேசட்டைக் கம்ப்யூட்டருக்குள் இறக்க ஒரு மணி நேரம் ஆகும், அவசரப்படுத்த முடியாது. ஹார்ட் டிஸ்கில் அது 13 ஜி.பி. இடத்தை விழுங்கும். ஒரு கல்யாணத்துக்கு நாலு கேசட் என்றால் போன கல்யாணத்தை அழித்தால்தான் இந்தக் கல்யாணம் உள்ளே வரும். எஃபெக்ட் ஒன்றைப் போட்டுவிட்டு ரெண்டர் ஆகும் வரை செவ்வாய்ப்பேட்டை டீக்கடையில் உட்கார்ந்திருப்போம். இத்தனை கஷ்டத்திலும் ஒரு நிம்மதி இருந்தது. கேசட் கேமரா வினாடிக்கு 25 பிரேம் எடுக்கும். முகூர்த்தத்தில் ஹாலஜன் லைட் அடித்தாலும் 25, பெண்ணழைப்பு இருட்டில் போனாலும் 25. வெளிச்சம் குறைந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஏறுமே தவிர எண்ணிக்கை மாறாது. நாதஸ்வரக்காரர் கன்னம் உப்பும்போதே சத்தமும் வரும். சத்தமும் படமும் ஒட்டுமா ஒட்டாதா என்று அந்த ஸ்டுடியோவில் யாரும் யோசித்து நான் பார்த்ததில்லை.

போன் வந்தபிறகு முதலில் வந்த தகராறுகள் சில்லறைத் தகராறுகள். 3ஜிபி (.3gp) கோப்பு திறக்காது. திறந்தால் படம் படுத்துக் கிடக்கும். போனின் சென்சார் எப்போதும் ஒரே வாக்கில்தான் எடுக்கிறது, நாம் நிமிர்த்திப் பிடித்தால் 'இதைத் திருப்பிக் காட்டு' என்று கோப்பில் ஒரு குறிப்பை மட்டும் எழுதி வைக்கிறது, பழைய மென்பொருள் அந்தக் குறிப்பைப் படிப்பதில்லை. 90 டிகிரி திருப்பினால் தீர்ந்தது. அப்புறம் படம் வராமல் சத்தம் மட்டும் வரும் கோப்புகள். 2013இல் ஹெச்.265 என்ற புதிய சுருக்கமுறை தரப்படுத்தப்பட்டது, 2017இல் ஐபோன்கள் அதற்கு மாறின, பிறகு மற்ற போன்களும். பழைய ஹெச்.264 பிடிக்கும் இடத்தில் ஏறக்குறையப் பாதியில் அதே தரம் கிடைக்கும். ஆனால் அதைப் பிரித்துக் காட்டக் கம்ப்யூட்டருக்குத் தெம்பு வேண்டும், அதற்கான கோடெக்கும் வேண்டும். என் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் இரண்டும் இல்லை. அதனால் கறுப்புத் திரை.

இந்த வகைத் தகராறில் மென்பொருள் வாயைத் திறந்து 'என்னால் முடியாது' என்று சொல்லிவிடுகிறது. நம்மை அலைய வைப்பது வாயைத் திறக்காத தகராறு.

ஒரு சித்திரை நோம்பியில் இரணியன் நாடகம். எங்கள் பகுதியில் நன்றாகப் பேர் வாங்கிய கூத்துச் செட்டு. முன்னால் ஒரு போன், வாழைமரம் கட்டிய கம்பத்தோடு சேர்த்துக் கட்டியது. பக்கவாட்டில் ஒன்று. மைதானத்தின் கடைசியில், தண்ணீர்த் தொட்டித் திண்ணையில் ஒன்று. இவை போக, கையில் பிடித்து எடுத்த துண்டுகள். எல்லாவற்றையும் ஒரு மெமரி கார்டில் போட்டு என் அக்கா மகன் கொண்டுவந்தான். கார்டில்தான் வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். செய்திச் செயலி வழியே வந்தால் கோப்பு சுருங்கி, கூத்துக்காரர் முகத்து அரிதாரம் வெறும் வண்ணத் திட்டாகிவிடும். அதற்கு முன் பென் டிரைவில் போட்டபோது நீளமான கோப்பு ஒன்று ஏறவே மாட்டேன் என்றது. பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. 'டிரைவுல எடம் நெறைய இருக்குதுங்களே மாமா' என்று அவன் குழம்பியதற்குக் காரணம் அதுதான்.

முன்னால் கட்டியிருந்த போனின் படத்தை எடிட்டிங் மென்பொருளில் போட்டு ஓட்டினோம். ஆரம்பம் சரி. இரணியன் விருத்தம் பாடுகிறான், வாயும் பாட்டும் ஒட்டி வருகின்றன. கொஞ்ச நேரம் போயிருக்கும். இரணியன் காலைத் தூக்குகிறான், கால் தரையில் விழுமுன்னே சலங்கை குலுங்கிவிட்டது. மிருதங்கக்காரர் கை மேலேயே இருக்கிறது, அடி கேட்டுவிட்டது. இன்னும் போகப் போகக் கோணல் கூடுகிறது. பாதிக் கதையில் கோமாளி வாயை மூடி நிற்க, அவன் சொன்ன நக்கலுக்கு ஜனங்கள் சிரிக்கிறார்கள்.

விசித்திரம் அதற்குப் பிறகு. கோணல் கூடிக்கொண்டே போகும் என்று நினைத்தால், பின்பாதியில் அது தானாகக் குறையத் தொடங்கியது. கடைசியில் கூத்து வாத்தியார் பேசி முடிக்கும்போது உதடும் சொல்லும் சுத்தமாகப் பொருந்தின. தலையும் வாலும் சரியாக இருந்து நடுவயிறு மட்டும் கோணல்.

'சாஃப்ட்வேரை மாத்திப் பாக்கலாங்களா மாமா' என்றான். மாற்றிப் பார்த்தோம், அதே கோணல். அதே கோப்பை எடுத்த போனிலேயே ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. இந்த இடத்தில்தான் எல்லோரும் மென்பொருளைத் திட்டிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். எனக்கோ, போனில் சரியாக ஓடுகிறது என்பதே பெரிய துப்பாகப் பட்டது. அப்படியென்றால் கோப்புக்குள் நேரக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. போனுக்குப் படிக்கத் தெரிந்த ஏதோ ஒன்றை இந்த மென்பொருள் படிக்காமல் தாண்டிப் போகிறது.

மீடியாஇன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. எந்த வீடியோவைக் கொடுத்தாலும் அதன் ஜாதகத்தை எழுதிக் காட்டும். அதில் 'பிரேம் ரேட் மோட்' என்ற வரிக்கு நேரே 'வேரியபிள்' என்று இருந்தது. அதன் கீழே குறைந்தபட்சம் ஒரு எண், அதிகபட்சம் ஒரு எண். கேசட் காலத்தில் இந்த வரிக்கு வேலையே இருந்திருக்காது.

போன் வினாடிக்கு 30 பிரேம் எடுப்பதாகப் பேச்சு. 30 எடுக்க வேண்டுமானால் ஒரு பிரேமுக்குக் கிடைக்கிற நேரம் வினாடியில் முப்பதில் ஒரு பங்கு, அதற்கு மேல் ஒரு இம்மி கிடையாது. பகலில் அது தாராளம். ராத்திரி கூத்தில், போகஸ் லைட்டுக்கு வெளியே போன் திரும்பினால், அந்த நேரத்துக்குள் சென்சாருக்குப் போதிய வெளிச்சம் சேராது. ஆகவே போன் ஒவ்வொரு பிரேமையும் இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வைக்கிறது. திறந்து வைத்தால் எண்ணிக்கை குறையும். 30 என்பது 24 ஆகலாம், அதற்கும் கீழே போகலாம். லைட்டுக்குத் திரும்பினால் மறுபடி 30. ஒவ்வொரு பிரேமும் எந்த நொடியில் காட்டப்பட வேண்டும் என்று போன் கோப்புக்குள் குறித்து வைத்துவிடுகிறது. போனில் இருக்கும் பிளேயர் அந்தக் குறிப்பைப் பார்த்து ஓட்டுகிறது. கேசட் காலத்துப் பழக்கத்தில் வளர்ந்த எடிட்டிங் மென்பொருள் அந்தக் குறிப்பை விட்டுவிட்டு, மொத்தப் பிரேமை மொத்த நேரத்தால் வகுத்து ஒரு சராசரி போட்டு, எல்லாப் பிரேமையும் சம இடைவெளியில் அடுக்கிவிடுகிறது.

நாமக்கல்லிலிருந்து முட்டை ஏற்றிய லாரி பெங்களூருக்குப் புறப்படுகிறது. புறப்பட்ட நேரமும் தெரியும், போய்ச் சேர்ந்த நேரமும் தெரியும். நடுவில் எத்தனை மணிக்கு எங்கே இருந்தது என்று சராசரி வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் வண்டி தர்மபுரியைத் தாண்டியிருக்கும். உண்மையில் அது தொப்பூர் கணவாயில் முதல் கியரில் ஏறிக்கொண்டிருந்திருக்கும். மென்பொருள் போட்டது இந்தக் கணக்குத்தான். அதனால்தான் தலையும் வாலும் சரி, நடுவில் தப்பு.

எவ்வளவு சின்ன வித்தியாசம் எவ்வளவு பெரிய கோணலைக் கொடுக்கும் என்று அக்கா மகன் ஒரு தாளில் போட்டுப் பார்த்தான். இருபது நிமிடப் படம். முதல் பத்து நிமிடம் நல்ல வெளிச்சம், வினாடிக்கு 30. அடுத்த பத்து நிமிடம் கொஞ்சம் மங்கல், 29.9. சராசரி 29.95. முதல் பாதியில் எடுத்த 18,000 பிரேமை 29.95 வீதம் ஓட்டினால் 601 வினாடி வருகிறது, உண்மையில் ஆனது 600. பத்தில் ஒரு பிரேம் வித்தியாசம், படம் ஒரு முழு வினாடி பிந்திவிட்டது. மிருதங்கத்தில் ஒரு வினாடி என்பது எத்தனை அடி! எங்கள் இரணியன் கதையில் முன்பாதி முழுக்க லைட் எரிந்தது. நடு ராத்திரிக்கு மேல் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறியபோது ஒரு லைட்டை அணைத்துவிட்டார்கள். முன்பாதியில் படம் பிந்தியது, பின்பாதியில் பிரேம் குறைவாக இருந்ததால் அது ஓடிவந்து சத்தத்தைப் பிடித்துவிட்டது. அந்தக் கோணலை வைத்தே எத்தனை மணிக்குக் கரண்ட் போனது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம் போலிருந்தது.

தெரிந்தபிறகு மருந்து எளிது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைக் கொடுத்து, பிரேம் ரேட் 30 என்றும் அதன் கீழே 'கான்ஸ்டன்ட்' என்றும் தேர்ந்துவிட்டால், இடைவெளி விழுந்த இடங்களில் அதற்கு முந்தைய பிரேமையே இன்னொரு முறை வைத்து நிரவி, சம இடைவெளியுள்ள புதுக் கோப்பாக எழுதித் தந்துவிடும். அதிலேயே ஹெச்.264க்கும் மாற்றிக்கொண்டால் கறுப்புத் திரைத் தகராறும் சேர்ந்து தீரும். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும். கோப்பு பெருக்கும், தரத்தில் ஒரு இழை குறையும். அதனால் மூலக் கோப்பை நான் அழிப்பதில்லை. கார்டைத் திருப்பிக் கேட்டு அவசரப்படுத்துகிறவர்களிடம் பிரதி எடுத்துக்கொண்டுதான் கொடுப்பேன். நாளைக்கு இதைவிட நல்ல மென்பொருள் வரும், அன்றைக்கு வேண்டியது போன் எடுத்த அசல்.

எடுக்கும்போதே இதைத் தடுக்கவும் வழி உண்டு. சில போன்களில் வெளிச்சம் குறைந்தால் பிரேமைக் குறைக்கும் வசதியை அணைத்து வைக்கலாம். படம் கொஞ்சம் இருண்டிருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். கூத்து இருட்டில் நடக்கிற கலை. பெட்ரோமாக்ஸ் காலத்தில் அரிதாரம் அந்த மங்கலுக்காகத்தானே அத்தனை அழுத்தமாகப் பூசப்பட்டது.

எல்லாவற்றையும் சம இடைவெளிக்குக் கொண்டுவந்தபிறகு மூன்று போன்களையும் ஒன்றோடொன்று பொருத்தும் வேலை. இது சேலத்துக்காரனுக்குப் புதுச் சங்கதி இல்லை. ஏற்காடு சாலையில் இப்போதும் நிற்கிற அந்த வளைவுக்குள் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ இருந்தது. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் இங்கிலாந்தில் லீட்ஸ் போய் நெசவுத் தொழில் படித்துவிட்டு வந்து 1935இல் தொடங்கியது. 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வண்ணத்தில் வந்தது அங்கிருந்துதான். ஸ்டுடியோக் காலத்தில் படத்தை ஒரு சுருளிலும் ஒலியை இன்னொரு சுருளிலும் பதிவு செய்வார்கள். இரண்டையும் சேர்ப்பதற்குத்தான் கிளாப் கட்டை. கட்டை மூடும் பிரேமும் 'டப்' என்ற சத்தமும் ஒன்றாக வந்தால் மிச்சமெல்லாம் தானாகப் பொருந்தும், கேமராவும் ஒலிப்பதிவுக் கருவியும் மாறாத வேகத்தில் ஓடுவதால். ஆகவே கிளாப் அடித்தால் எல்லாம் சரியாகும் என்று சொல்கிறவர்களிடம் நான் சொல்வது, முதலில் வேகம் சமமாக வேண்டும் என்பது. எல்லா இடத்திலும் ஒரே அளவு தள்ளியிருந்தால் நகர்த்தி வைத்தால் போதும். போகப் போகக் கூடினால் நகர்த்திப் பயனில்லை. கோப்பின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் ஒவ்வொரு அடியைப் பார்த்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

எங்களிடம் கிளாப் இல்லை. வேட்டு இருந்தது. நோம்பியில் வெடித்த அதிர்வேட்டின் சத்தம் மூன்று போன்களிலும் கூர்மையான ஒரு மேடாகத் தெரிந்தது. அந்த மேட்டை மேட்டோடு சேர்த்தேன்.

திருத்த முடியாததும் ஒன்று இருந்தது. பக்கவாட்டுப் போனின் படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் நகர்ந்துகொண்டே இருந்தன. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு 100 முறை மினுக்கும், மலிவான எல்.இ.டி. என்றால் இன்னும் மோசம். போன் சென்சார் ஒரு பிரேமை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால், அது திறந்திருக்கும் நேரமும் விளக்கின் மினுக்கும் ஒத்துப்போகாவிட்டால் பட்டை விழும். எடுக்கும்போது ஷட்டரை ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்று என்று வைத்திருந்தால் வராது. பின்னால் உட்கார்ந்து சரிசெய்ய முயன்றால் முகமெல்லாம் மெழுகாகிவிடுகிறது. அந்தப் பகுதிகளை வெட்டிவிட்டேன்.

கையில் பிடித்து எடுத்ததில் நல்ல துண்டு ஒன்று திறக்கவே இல்லை. தூணைப் பிளந்துகொண்டு நரசிம்மம் வரும் இடம். எடுத்துக்கொண்டிருக்கும்போதே பேட்டரி செத்து போன் அணைந்துவிட்டதாம். எம்.பி.4 கோப்பில் எந்தப் பிரேம் எங்கே இருக்கிறது என்கிற அட்டவணையை, பதிவை நிறுத்தும்போதுதான் பெரும்பாலான போன்கள் எழுதுகின்றன. நிறுத்துமுன் உயிர் போனால் அட்டவணை இல்லை. படம் ஏறக்குறைய முழுக்க உள்ளே இருக்கும், திறக்கத்தான் முடியாது. இதற்கும் அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவி ஒன்று உண்டு. அதே போனில், அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றைக் கூடக் கொடுத்தால், அதைப் பார்த்து அட்டவணையை ஊகித்து எழுதும். நரசிம்மத்தை எடுத்த பெண்ணை அதே போனில் தன் வீட்டு ஆட்டுக்குட்டியைக் கொஞ்ச நேரம் எடுத்துத் தரச் சொன்னேன். 'நரசிம்மத்தைக் கேட்டா ஆட்டுக்குட்டியக் கேக்கறீங்களேண்ணா' என்றாள். ஆட்டுக்குட்டியின் தயவில் நரசிம்மம் வந்துவிட்டது. ஆனால் கடைசிச் சில நொடிகள் மட்டும் கிடைக்கவில்லை.

இப்படி வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செய்வதெல்லாம் பெரிய ஆவணம் என்று நான் நினைக்கவில்லை. மேச்சேரி பக்கம் ஏர்வாடியிலிருந்து 'மணல்வீடு' இதழ் நடத்தும் மு. ஹரிகிருஷ்ணன் போன்றவர்கள் கூத்துக்கும் கூத்துக் கலைஞர்களுக்குமாகச் செய்துவருவது வேறு தரம். எங்களது வெறும் ஊர்ப் படம். என்றாலும் ஆடினவர்களே பார்ப்பார்கள் என்பதால் தாளம் தப்பினால் மானம் போய்விடும்.

அப்படித்தான் முடித்த படத்தைக் கூத்துச் செட்டின் மிருதங்கக்காரர் பார்க்க வந்தார். பாதி படம் பேசாமல் பார்த்தவர், தண்ணீர்த் தொட்டித் திண்ணையிலிருந்து எடுத்த இடம் வந்ததும் கையை நீட்டினார்.

'இங்க மட்டும் அடி பிந்துதுங்க.'

எனக்குத் தெரியவில்லை. அக்கா மகனுக்கும் தெரியவில்லை. பிரேம் பிரேமாக நகர்த்திப் பார்த்தபோது உண்மைதான், கை தோலைத் தொட்ட பிறகு மூன்று பிரேம் கழித்துத்தான் ஒலி. போன் பழையபடி ஏமாற்றுகிறதா என்று தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பார்த்தேன். எல்லா இடத்திலும் மூன்று பிரேம். கூடவுமில்லை, குறையவுமில்லை. நல்ல கோப்பு. வேட்டை வைத்துச் சேர்த்ததால் மூன்று போன்களின் சத்தமும் ஒன்றாகிவிட்டது, அந்தப் போனின் படம் மட்டும் முந்தி நின்றுவிட்டது. திண்ணை ஆட்டக்களத்திலிருந்து முப்பத்தைந்து மீட்டர் இருக்கும். ஒலி வினாடிக்கு 340 மீட்டர் சொச்சம் போகிறது. அந்தத் தூரம் வர வினாடியில் பத்தில் ஒரு பங்கு, 30 பிரேம் கணக்கில் மூன்று. ஒளி உடனே வந்துவிடுகிறது, சத்தம் நடந்து வருகிறது. வேட்டு களத்தின் பக்கம் வெடித்ததால் அதன் சத்தமும் அதே அளவு பிந்தியே திண்ணைக்குப் போயிருந்தது.

அவரிடம் இதை விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

'அப்ப கடைசீல உக்காந்து கை தட்டறவனெல்லாம் நேரத்துக்குத்தான் தட்டியிருக்கறான். இத்தன வருசமா அவனுங்க குடிச்சுட்டுத் தாளம் தப்பறானுங்கன்னு நெனச்சுட்டிருந்தங்க.'

திண்ணைப் போனின் படத்தை மூன்று பிரேம் பின்னால் தள்ளி, அதன் சத்தத்தை எடுத்துவிட்டு, முன்னால் கட்டியிருந்த போனின் சத்தத்தையே கடைசிவரை ஓடவிட்டேன். அடுத்த நோம்பிக்கு ஒரு போனைத் தன் பக்கத்திலேயே வைத்துவிடச் சொல்லிவிட்டுப் போனார். மிருதங்கத்துக்கு அத்தனை பக்கத்தில் வைத்தால் மைக் தாங்காது, அடி ஒவ்வொன்றும் பிளந்து பதிவாகும், அதை எந்த மென்பொருளாலும் ஒட்ட முடியாது. ஆர்மோனியப் பெட்டிக்கு அந்தப் பக்கம், ஏழெட்டு அடி தள்ளி வைப்பதாக அக்கா மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சார்ஜரோடு.